‘ஃப்ரம்’ல பேர் இருந்தா நம்பிடலாமா?

போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு ஃப்ரெண்ட் ஒருத்தன் போன் பண்ணான். "மச்சி, ஆஃபர் லெட்டர் வந்துடுச்சு!" பெரிய ஐடி கம்பெனி. அனுப்பின முகவரியிலயும் அந்தக் கம்பெனி பேர்தான். ஆனா கடைசி வரியில, லேப்டாப்புக்கு டெபாசிட் 8,500 ரூபாய், காலைக்குள்ள கட்டணுமாம்.

மெயில் அனுப்பற எஸ்எம்டிபி விதிமுறையை ஜான் போஸ்டல் 1982-ல் எழுதினார். அதில் அனுப்புநரைச் சோதிக்கிற ஏற்பாடே கிடையாது. கவர் மேல 'கலெக்டர் ஆபீஸ்'னு எழுதிப் போட்டா போஸ்ட்மேன் கேள்வி கேட்பாரா? அதே கதைதான்.

அப்புறம் வந்த பூட்டுகள்தான் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். எஸ்பிஎஃப் என்பது ஒரு பட்டியல். 'எங்க பேர்ல இந்த சர்வர்கள்தான் மெயில் அனுப்பும்' என்று டொமைன் வைத்திருப்பவர் டிஎன்எஸ்ஸில் எழுதி வைப்பார். டிகிம் ஒரு டிஜிட்டல் முத்திரை. கையெழுத்து போட்ட பகுதியை வழியில யாராவது மாத்தினா முத்திரை உடைஞ்சிடும்.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. எஸ்பிஎஃப் பார்க்கறது கவர் மேல இருக்கற முகவரியை. நம்ம கண்ணுக்குத் தெரியறது உள்ளே லெட்டர்ல இருக்கற 'ஃப்ரம்'. ஏமாத்தறவன் கவர்ல தன்னோட டொமைனைப் போட்டு பாஸ் வாங்கிட்டு, உள்ளே உங்க பேங்க் பேரை எழுதிடலாம். இதை அடைக்கத்தான் 2012-ல் டிமார்க் வந்தது. முன்னாடி சொன்ன ரெண்டுல ஒண்ணாவது பாஸ் ஆகணும், அந்த டொமைன் 'ஃப்ரம்'ல இருக்கறதோட ஒத்துப்போகணும். இல்லன்னா ஸ்பாம்ல போடு, இல்ல திருப்பி அனுப்புன்னு டொமைன்காரரே சொல்லலாம். 'ஒண்ணும் பண்ணாதே'ன்னும் சொல்லலாம். பூட்டு வாங்கி, பூட்டாம தொங்கவிடற மாதிரி! ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல அனுப்பறவங்களுக்கு 2024 பிப்ரவரியிலேர்ந்து மூணுமே கட்டாயம்.

சரி, நம்ம ஆளுக்கு வருவோம். "ஃபார்வர்ட் பண்ணாதடா, அந்த விவரமெல்லாம் போயிடும். லேப்டாப்ல ஜிமெயிலைத் திற. மெயில் பக்கத்துல மூணு புள்ளி, அதுல 'ஷோ ஒரிஜினல்'"னேன்.

எஸ்பிஎஃப் பாஸ். டிகிம் பாஸ். டிமார்க்கும் பாஸ். "பாத்தியா, ஜெனியூன்"ங்கறான்.

"டொமைனை எழுத்து எழுத்தா படி"ன்னேன். கம்பெனி பேர், ஒரு ஹைஃபன், அப்புறம் 'கேரியர்ஸ்'. அந்த டொமைனை வாங்கினதே ஏமாத்தறவன்தான். தன் சொந்த வீட்டுக்கு அவன் ஒழுங்கா பூட்டு போட்டிருக்கான், மூணும் பாஸ் ஆகாம என்ன செய்யும்? இந்தச் சோதனைகள் 'டொமைன் பொய் இல்லை'ன்னு மட்டும்தான் சொல்லும். டொமைன் யாரோடதுன்னு நாமதான் பார்க்கணும்.

காலைல கம்பெனியோட சொந்த வெப்சைட்ல இருந்த நம்பருக்குக் கூப்பிட்டான். அப்படி ஒரு ஆஃபரே இல்லையாம். காசு கட்டல, ஆனா ராத்திரியே அப்பாகிட்ட சொல்லிட்டான். அவர்கிட்ட திரும்பச் சொல்றதுக்குத்தான் ரெண்டு நாள் ஆச்சு.

கட்டிட்டீங்கன்னா, உடனே 1930-க்குக் கூப்பிடுங்க.