வெளிநாட்டில் படிக்க ஆசையா? நீங்களே எழுதுங்கள்!

இரும்புலியூரில் ஒரு பையன் பிளஸ்-1 படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "அப்பா, பட்டப்படிப்புக்கு வெளிநாடு போகட்டுமா?" என்று கேட்கிறான். அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது. அம்மா கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்க்கிறாள். மறுநாளே ஒரு ஏஜெண்டு வந்து, "பணத்தைக் கொடுங்கள், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார்.

கொடுக்கலாமா? பொறுங்கள்!

ராமானுஜம் போட்ட கடிதம்

கணித மேதை ராமானுஜம் கல்லூரிப் பரீட்சையில் தேறாதவர். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. 1913-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். தாம் கண்டுபிடித்த கணக்குகளையும் உடன் அனுப்பினார். வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதியது பலிக்கவில்லை. ஹார்டி பதில் போட்டார்.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17-ந் தேதி ராமானுஜம் கப்பல் ஏறினார். 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் வழங்கியது.

நண்பர்கள் துணை நின்றார்கள். ஆனால் நடுவில் தரகர் இல்லை!

எப்போது தொடங்குவது?

இன்று தபால் தலைகூட வேண்டாம். கல்லூரியின் இணையதளத்திலேயே மனு செய்யலாம். இங்கிலாந்துக்கு ஒரே மனுவில் 5 படிப்புகள் வரை கேட்கலாம்.

பிளஸ்-1 படிக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பல ஆகஸ்டு மாதத்தில் திறக்கும். அதற்கு மனு, முந்திய ஜனவரிக்குள்ளேயே போக வேண்டும். அதாவது, பிளஸ்-2 பரீட்சைக்கு முன்பே! 9-ம் வகுப்பு முதல் வாங்கிய மார்க்குகளைக் கேட்பார்கள். மார்க்குப் பட்டியல்களைப் பத்திரப்படுத்துங்கள். பெரும்பாலான இடங்களில் ஆங்கிலப் பரீட்சையும் எழுதிக் காட்ட வேண்டும்.

பாஸ்போர்ட்டுக்கு அலைய வேண்டாம். பக்கத்தில் தாம்பரத்திலேயே பாஸ்போர்ட்டு சேவை மையம் இருக்கிறது.

பணத்துக்கு என்ன வழி?

மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை மேல்பட்டத்துக்கும் ஆராய்ச்சிக்கும்தான். முதல் பட்டத்துக்குக் கிடையாது. அமெரிக்காவில் ஹார்வர்டு, எம்.ஐ.டி. போன்ற சில கல்லூரிகள், தேர்வு பெற்ற பிள்ளையின் குடும்பத்தால் கட்ட முடியாத தொகையைத் தாங்களே ஏற்கின்றன. ஆனால் இடம் கிடைப்பது அரிது.

ஜெர்மனியில் அரசாங்கக் கல்லூரிகளில் பெரும்பாலும் கட்டணம் இல்லை. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் பணம் காட்ட வேண்டும். நமது பிளஸ்-2 மட்டும் பொதுவாக அங்கே போதாது. இங்கே ஓராண்டு கல்லூரியில் படித்துத் தேறியிருக்க வேண்டும். அல்லது அங்கே ஓராண்டு ஆயத்தப் படிப்பு படிக்க வேண்டும். முதல் பட்டப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான்.

போலிக் கடிதம்!

2023-ம் ஆண்டு கனடாவில் இந்திய மாணவர்கள் பலர் கண்ணீர் வடித்தார்கள். நாட்டை விட்டு வெளியேற்றப்படும் ஆபத்து! காரணம், ஏஜெண்டு கொடுத்த கல்லூரி அனுமதிக் கடிதம் போலி. படித்து, வேலைக்கும் போன பிறகுதான் அவர்களில் பலருக்கு விஷயமே தெரிந்தது. 'ஏமாந்த அப்பாவிகளை அனுப்ப மாட்டோம்' என்று பிறகு அரசாங்கம் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல், ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கிறது.

எல்லா ஏஜெண்டுகளும் மோசக்காரர்கள் அல்ல. ஆனாலும் நகையை அடகு வைக்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள்:

1. அனுமதிக் கடிதம் வந்ததும், கல்லூரியின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுதி, 'இது உங்கள் கடிதமா?' என்று கேளுங்கள்.

2. கட்டணத்தைக் கல்லூரிக்கே நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள்.

3. 'விசா நிச்சயம்' என்பவரை நம்பாதீர்கள். அந்த முடிவு அந்நாட்டு அதிகாரி கையில்தான்.

அமெரிக்க விசாவுக்கு அதிகாரியின் நேர்காணல் உண்டு. "ஏன் இந்தக் கல்லூரி? பணம் யார் தருகிறார்கள்?" என்று கேட்பார். அங்கே ஏஜெண்டு பதில் சொல்ல முடியாது. தன் மனுவைத் தானே எழுதிய பிள்ளை தயங்காமல் பதில் சொல்லும்!