உஷார்! டி டிரைவும் சேர்ந்தே போகும்

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடப் போகிறீர்களா? நல்ல முடிவு. ஆனால், பென்டிரைவைச் செருகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதனால், இதுவரை லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களும் லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று இறங்கியிருக்கிறார்கள். காசு கிடையாது, பழைய மெஷினும் சுறுசுறுப்பாகிறது. இரண்டும் உண்மைதான். ஆபத்தெல்லாம் அதை நிறுவும் அந்த அரைமணி நேரத்தில்தான்!

ஒரே ஒரு கிளிக்

நிறுவும்போது ஒரு திரை வரும். அதில் ‘எரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால்’ என்று ஒரு வாய்ப்பு இருக்கும். புதியவர்கள் கைவைப்பது பெரும்பாலும் அதில்தான். சி டிரைவை ஃபார்மேட் செய்தாலும் டி டிரைவில் வைத்தது அப்படியே இருக்கும் என்பது விண்டோஸில் நமக்குப் பழகிப்போன கணக்கு. “முக்கியமானதை டி-யில போட்டு வைங்க சார்” என்று சர்வீஸ் கடையிலும் சொல்லியிருப்பார்கள். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. பெரும்பாலான லேப்டாப்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கைத் தடுத்துக் கட்டிய அறைகள். இந்த கிளிக் வீட்டையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். கல்யாண ஆல்பம், பிள்ளை முதன்முதலில் நடந்த வீடியோ, பத்திரங்களின் ஸ்கேன் என எதுவும் மிஞ்சாது. எஸ்எஸ்டி டிஸ்க் என்றால் மீட்பது இன்னும் கடினம்.

முதலில் இவற்றைச் செய்யுங்கள்

• டி டிரைவோடு டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். அதை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். பிறகு கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே நிறுவினால் டிஸ்க் மாறி அதுவே அழியக்கூடும்.

• லினக்ஸை ஏற்றும் பென்டிரைவிலும் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். காலி பென்டிரைவையே எடுங்கள்.

• விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்களா? பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பயாஸ் அமைப்பை மாற்றியதும் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

• அதிகாரப்பூர்வ தளத்தில் மட்டும் பதிவிறக்குங்கள். அதோடு நிற்காமல், தளத்தில் சொல்லியிருக்கும் சரிபார்ப்பையும் செய்யுங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள்ளேயே புகுந்த ஹேக்கர்கள், 17.3 சின்னமன் பதிப்புக்கான இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த ஃபைலைத் தர வைத்தார்கள்!

• உடனே நிறுவாதீர்கள். பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். நீங்களாக நிறுவச் சொல்லும்வரை டிஸ்க்கில் இருப்பது அழியாது. வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள்.

• சார்ஜரைச் செருகியே நிறுவுங்கள். பழைய பேட்டரியை நம்பி இறங்கினால், பாதியில் அணைந்து இரண்டும்கெட்டான் நிலையில் நிற்கும்.

தொழில் செய்பவர்களே, கவனம்!

டாலி, லினக்ஸில் நேரடியாக ஓடாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முன்பே விசாரியுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ்க் கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் புரியாத குறிகளாகத்தான் தெரியும். எழுத்துரு ஃபைல்களையும் மறக்காமல் நகலெடுங்கள்.

ஏற்கெனவே கிளிக் செய்துவிட்டீர்களா?

அந்த நொடியே லேப்டாப்பை அணையுங்கள். மறுபடி நிறுவிப் பார்க்காதீர்கள். புதிதாக எழுதப்படும் ஒவ்வொன்றும் பழையதன் மேலேயே உட்காரக்கூடும். டேட்டா மீட்புத் தெரிந்தவரிடம் அப்படியே கொண்டுபோங்கள்.

லினக்ஸ் தவறினால் நாளைக்கு மறுபடி போட்டுக்கொள்ளலாம். அப்பாவின் கடைசிப் புகைப்படத்தை மறுபடி எடுக்க முடியாது. இந்த வார விடுமுறையில் பேக்கப் மட்டும் எடுங்கள். லினக்ஸ் அடுத்த வாரம் வரட்டும்.