கதை யாருக்குச் சொந்தம்? – 9: கொளுத்தச் சொன்ன படம்

டிராகுலா என்றதும் நம் மனக்கண்ணில் வருகிற ஆளைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். மழித்த முகம், படிய வாரிய தலை, விருந்துக்குக் கிளம்பிய கனவானின் உடுப்பு, காதுவரை தூக்கி நிற்கும் காலர் வைத்த கறுப்பு மேலங்கி. வெயில் பட்டால் அடுத்த நொடி ஆள் காலி.

இப்போது பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய நாவலைத் திறந்தால், அங்கே இருப்பவர் வேறு ஆள். முதலில் நாம் சந்திப்பது நீண்ட வெள்ளை மீசை வைத்த கிழவரை. கூரிய பற்கள் உண்டு. உள்ளங்கையில் முடிகூட உண்டு. ஆனால் லண்டனுக்கு வந்தபின் பட்டப்பகலில் பிக்காடில்லி தெருவில் நடமாடுகிறார். பகலில் அவருடைய சக்தி குறையுமே தவிர, உயிர் போகாது. கடைசியில் அவரை முடிப்பதும் வெயில் அல்ல. ஒருவர் கழுத்தில் வீசும் குக்ரி கத்தியும், இன்னொருவர் நெஞ்சில் இறக்கும் வேட்டைக்கத்தியும்தான்.

அப்படியானால் நாம் அறிந்த டிராகுலாவை உருவாக்கியது யார்? ஒருவர் அல்ல, பலர். அவர்களில் பாதிப்பேர் அனுமதி வாங்காதவர்கள்.

சென்ற வாரம் ஜான் போலிடோரியின் கதையைப் பார்த்தோம். அவர் எழுதிய ரத்தக்காட்டேரிக் கதை 1819-ல் பைரன் பிரபு பெயரில் அச்சாகி ஐரோப்பா முழுக்க ஓடியது. மறு ஆண்டே பாரிஸிலும் லண்டனிலும் நாடகமானது. எழுதியவருக்குப் பேரும் கிடைக்கவில்லை, பெரிதாகப் பணமும் கிடைக்கவில்லை. 1821-ல், 25 வயதில் செத்துப்போனார். கிராமத்துக் கல்லறையிலிருந்து எழுந்து வரும் அழுகிய பிணமாக இருந்த காட்டேரியை, பிரபுக்கள் வீட்டு விருந்தில் உட்காரவைத்தவர் அவர். அதைப் பின்னால் வந்த எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்டோக்கருக்கு இந்த வியாபாரம் நன்றாகத் தெரியும். டப்ளின்காரரான அவர், நடிகர் ஹென்றி இர்விங் நடத்திய லண்டன் லைசியம் தியேட்டருக்கு 27 ஆண்டுகள் மேலாளராக இருந்தவர். நாடகக் கம்பெனியில் கணக்கு வழக்கு பார்த்த மனிதருக்கு, கதை எந்த வழியாகக் களவு போகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைய பிரிட்டிஷ் நடைமுறைப்படி நாவலை அச்சிட்டால் மட்டும் போதாது. அதன் நாடக உரிமையையும் காப்பாற்ற வேண்டுமானால், ஒருமுறையாவது பொது மேடையில் அரங்கேற்றிவிட வேண்டும்.

அதனால் 1897 மே 18 அன்று, நாவல் கடைக்கு வருவதற்கு எட்டு நாள் முன்பு, லைசியத்தில் ஒரு விநோத நாடகம் நடந்தது. நாவலின் அச்சுப் பிரதிகளைக் கத்தரித்துத் தாளில் ஒட்டி, இடையிடையே கையால் எழுதிச் சேர்த்து, ஸ்டோக்கர் அவசரமாகத் தயாரித்த வசனப் பிரதி அது. கம்பெனி நடிகர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் படித்தார்கள். முடிய நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. கூட்டம் வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை, வரவுமில்லை. சட்டத்துக்காகப் போட்ட நாடகம், சட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஒட்டி எழுதிய அந்தக் கைப்பிரதி இன்றைக்கும் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இவ்வளவு உஷாரான மனிதர் அமெரிக்காவில் கோட்டை விட்டார். அங்கே சட்டம் கேட்ட நடைமுறைகள் ஒழுங்காக முடிக்கப்படவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் இது வெளியே தெரிந்தது. அந்த நாட்டில் டிராகுலா பிறந்ததிலிருந்தே பொதுச்சொத்து.

1912-ல் ஸ்டோக்கர் இறந்தபோது நாவல் ஓரளவு விற்றுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கடைசிக் காலத்தில் எழுத்தாளர்களுக்கான நிதியிலிருந்து உதவி கேட்கும் நிலைமை அவருக்கு. மனைவி ஃப்ளாரன்ஸுக்கு விட்டுப்போன சொத்தில் உருப்படியானது அந்த ஒரு புத்தகம்தான். இளம் வயதில் ஆஸ்கார் வைல்டு காதலித்த அழகி அவர். அறுபதைத் தாண்டியபிறகு அவர் பெயர் வரலாற்றில் நின்றது ஒரு வழக்கால்.

1922 மார்ச் 4 அன்று பெர்லின் விலங்குக்காட்சிச்சாலையின் பளிங்கு மண்டபத்தில் ஒரு படம் தடபுடலாகத் திரையிடப்பட்டது. ‘நோஸ்ஃபெராட்டு’. எடுத்தது பிரானா ஃபிலிம் என்ற புதுக் கம்பெனி, இயக்கியவர் எஃப்.டபிள்யூ. முர்னாவ். கோமகன் டிராகுலா அதில் கோமகன் ஓர்லோக் ஆகியிருந்தார். லண்டன் போய் விஸ்போர்க் என்ற கற்பனை ஜெர்மன் ஊர் வந்திருந்தது. பெயர்களையெல்லாம் மாற்றியவர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள்: ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வைத் தழுவியது என்று படத்தின் தலைப்பிலேயே போட்டார்கள். அனுமதி மட்டும் வாங்கவில்லை. யாரோ அனுப்பிவைத்த பெர்லின் விழா அழைப்பைப் பார்த்துத்தான் ஃப்ளாரன்ஸுக்கு விஷயமே தெரிந்தது.

படத்தில் ஓர்லோக்காக வருபவர் மாக்ஸ் ஷ்ரெக். மொட்டைத் தலை, வௌவால் காது, எலிக்கு இருப்பதுபோல் முன்வாயில் இரண்டு கூரிய பற்கள், கத்திபோல் நீண்ட நகங்கள். இந்த உருவத்தில் ஸ்டோக்கரின் சாயல் கொஞ்சம்தான். அதைவிட முக்கியம் முடிவு. கதாநாயகி தன் ரத்தத்தையே தூண்டிலாக்கி, சேவல் கூவும்வரை ஓர்லோக்கைத் தன் படுக்கையறையில் தாமதிக்க வைக்கிறாள். ஜன்னலுக்கு எதிரே அவன் வரும்போது விடியல் வெளிச்சம் விழுகிறது. மார்பைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி வளைகிறான். உடம்பு மெல்ல மங்கி மறைய, தரையில் சின்னதாகப் புகை மிஞ்சுகிறது. பேச்சு இல்லாத படத்துக்கு இதைவிடத் தோதான முடிவு கிடைக்காது. கத்தி வேண்டாம், சண்டை வேண்டாம், வசனம் வேண்டாம். வெளிச்சம் ஒன்று போதும்.

நூறு ஆண்டுகளாகப் படங்களிலும் நாவல்களிலும் ‘விதி’யாக நிற்கும் இந்த வெயில் சாவு, திருட்டுப் படம் ஒன்றில் பிறந்தது.

ஃப்ளாரன்ஸ் பிரிட்டிஷ் எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகி, சங்கத்தின் வழியாக ஜெர்மனியில் வழக்குப் போட்டார். அதற்குள் பிரானா ஃபிலிம் திவாலாகிவிட்டது. அது எடுத்த ஒரே படம் இதுதான். நஷ்டஈடு தேறாது என்று தெரிந்தபின், அவர் கேட்டது ஒன்றே: படச்சுருள் மொத்தத்தையும் அழிக்க வேண்டும். 1925 ஜூலையில் நீதிமன்றம் அப்படியே உத்தரவிட்டது.

ஆனால் பிரதிகள் ஏற்கனவே எல்லை தாண்டியிருந்தன. லண்டனில் ஒரு திரைப்படச் சங்கம் அதைத் திரையிடப் பார்த்தது. ஃப்ளாரன்ஸ் விடாமல் மல்லுக்கட்டினார். ஓரிடத்தில் அடைத்தால் இன்னோரிடத்தில் முளைத்தது. 1929-ல் நியூயார்க்கில் படம் ஓடியது. மிஞ்சிய பிரதிகளைச் சேர்த்துப் பிற்காலத்தில் சீரமைத்ததைத்தான் இன்று நாம் பார்க்கிறோம்.

அதே ஆண்டுகளில் ஃப்ளாரன்ஸ் முறையாக உரிமமும் கொடுத்தார். வாங்கியவர் ஹாமில்டன் டீன் என்ற நடிகர். 1924-ல் டார்பி நகரில் அவர் போட்ட நாடகத்தில்தான் டிராகுலா கோட்டையின் தூசியைத் தட்டிவிட்டு, வரவேற்பறையில் உட்காரத்தக்க கனவானாக உடுத்திக்கொண்டு வந்தார். அந்த உயர்ந்த காலருக்குக் காரணம் அழகு அல்ல, மேடைத் தந்திரம். பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நிற்கும் நடிகரின் தலையைக் காலர் மறைத்துவிடும். சுற்றி நிற்பவர்கள் மேலங்கியைப் பிடித்திருக்க, அவர் மேடைத் தரையில் உள்ள கதவு வழியாகக் கீழே நழுவிவிடுவார். பிடித்தவர் கையில் துணி மட்டும் மிஞ்சும். 1927-ல் லண்டனுக்கு வந்தபோது, பயந்து மயங்குபவர்களுக்கு என்று சீருடை போட்ட நர்ஸ் ஒருவரை அரங்கில் நிறுத்தி விளம்பரம் தேடினார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் நாடகம் பிராட்வே ஏறியது. டிராகுலா வேடத்துக்கு வந்தவர் ஆங்கிலம் சரளமாக வராத ஹங்கேரிக்காரர், பெலா லுகோசி. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, நிறுத்தி, அழுத்திப் பேசிய அந்த உச்சரிப்பு, இன்றைக்கும் யார் டிராகுலாவை மிமிக்ரி செய்தாலும் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யூனிவர்சல் நிறுவனம் 40,000 டாலர் கொடுத்து உரிமைகளை வாங்கியது. 1931 பிப்ரவரியில் படம் வந்தது. பகலில் லுகோசியை வைத்து ஆங்கிலப் படம் எடுத்த அதே அரங்குகளில், இரவில் வேறு நடிகர்களை வைத்து ஸ்பானிஷ் படமும் எடுத்தார்கள். லுகோசி படத்தில் கோரைப்பல் ஒரு காட்சியில்கூடத் தெரியாது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

டிராகுலாவின் கோரைப்பல்லைத் திரையில் பார்க்க நாம் இஸ்தான்புல் போக வேண்டும். 1928-ல் அலி ரிசா செய்ஃபி என்பவர் ஸ்டோக்கரின் நாவலைத் துருக்கிக் கதையாக மாற்றி, தன் பெயரில் வெளியிட்டார். அதை வைத்து 1953-ல் வந்த ‘இஸ்தான்புல்லில் டிராகுலா’ படத்தில் கோமகன் நீண்ட கோரைப்பற்களோடு சிரிக்கிறார். கிறிஸ்டோபர் லீ நடித்து, பல்லையும் ரத்தத்தையும் வண்ணத்தில் காட்டிய பிரிட்டிஷ் ஹாமர் கம்பெனிப் படம் வந்தது 1958-ல்தான். லாகூரில் 1967-ல் எடுத்த ‘ஜிந்தா லாஷ்’ படத்தில் டிராகுலா ஒரு விஞ்ஞானி. சாகாவரம் தரும் மருந்தைக் குடித்துக் காட்டேரி ஆகிறார். ஐஸ்லாந்தில் 1900-ல் ஒரு செய்தித்தாள் ‘டிராகுலா’வைத் தொடராக வெளியிட்டது. வெறும் மொழிபெயர்ப்பு என்றே ஒரு நூற்றாண்டு நம்பிக்கொண்டிருந்தார்கள். அண்மையில்தான் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: பாத்திரங்களும் வேறு, கதைப்போக்கும் வேறு. அதற்கு மூலம் ஒரு ஸ்வீடிஷ் பத்திரிகைத் தொடர் என்பது அதற்கும் பிறகு தெரிந்தது.

1962-ல் பிரிட்டனிலும் பதிப்புரிமை முடிந்தது. அதன்பின் கேட்க ஆளில்லை. 1972-ம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பின நாயகனோடு ‘பிளாக்குலா’ படம், மார்வெலின் டிராகுலா காமிக்ஸ், குழந்தைகளுக்கு எண்ணக் கற்றுத்தரும் ‘செசமி ஸ்ட்ரீட்’ பொம்மைக் கோமகன், எல்லாம் ஒரே வருடத்தில் வந்தன. 1976-ல் எழுத்தாளர் ஆன் ரைஸ், காட்டேரியையே தன் கதையைச் சொல்ல வைத்தார். 2005-ல் தொடங்கிய ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ நாவல்கள் 10 கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றன. அதில் காட்டேரிகள் வெயிலில் சாவதில்லை, வைரம்போல் மினுங்குகின்றன. முர்னாவின் விதி எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால்தான் அதை மீறியது செய்தியானது. அந்த நாவல்களின் ரசிகை ஒருவர், அதே பாத்திரங்களை வைத்து இணையத்தில் எழுதிய கதையைப் பெயர் மாற்றிப் புத்தகமாக்கினார். அதுதான் ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’.

ரத்தக்காட்டேரிக் கதைகள் ஏன் இவ்வளவு பிரபலம் என்று கேட்டால் காமம், மரண பயம், நோய், அந்நியர்மேல் அச்சம் என்று பதில்கள் வரிசைகட்டும். எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் இதே அச்சங்களைச் சுமந்த எத்தனையோ பேய்கள் அந்தந்த ஊரிலேயே நின்றுவிட்டன. டிராகுலா ஊர் கூடி இழுத்த தேர். இழுக்க யார் வேண்டுமானாலும் கைகொடுக்கலாம் என்ற நிலைமை, பாதி சட்டத்தின் ஓட்டையாலும் பாதி களவாலும் அதற்கு வாய்த்தது. வந்தவர்கள் சும்மா எடுத்துப்போகவில்லை. ஆளுக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போனார்கள்.

இதனால் களவு நல்லது என்று ஆகிவிடாது. பெர்லினில் படம் எடுத்தவர்கள், கணவரின் புத்தகத்தை நம்பி வாழ்ந்த ஒரு விதவைக்கு ஒரு பைசா தரவில்லை. ஃப்ளாரன்ஸ் பக்கம் நியாயம் இருந்தது. சங்கத்தின் துணையோடு அவர் போராடியதால்தான் எழுத்தாளரின் உரிமை சினிமாக்காரர்களுக்கு உறைத்தது. ஆனால் அவர் நீதிமன்றத்தில் வைத்த கோரிக்கை இரண்டு வகை. ‘எனக்குச் சேர வேண்டியதைக் கொடு’ என்பது ஒன்று. ‘இந்தப் படம் இருக்கவே கூடாது’ என்பது இன்னொன்று. முதலாவது எழுத்தாளரின் கூலி. இரண்டாவது, அந்தப் படத்தில் ஸ்டோக்கர் எழுதாத பகுதிக்கும் சேர்த்துத் தீ வைப்பது. உத்தரவு முழுதாக நிறைவேறியிருந்தால் அந்த விடியல் காட்சி இல்லை. அதிலிருந்து கிளைத்த எத்தனையோ கதைகளும் இல்லை.

அழிக்கச் சொன்ன அந்தப் படத்தை 1979-ல் வெர்னர் ஹெர்ட்சாக் மறுபடி எடுத்தார். 2024-ல் ராபர்ட் எக்கர்ஸ் எடுத்தார். இருவரும் வைத்த பெயர் ‘டிராகுலா’ அல்ல, ‘நோஸ்ஃபெராட்டு’. களவாடப்பட்ட பிள்ளைக்கு இன்று தனி வம்சமே இருக்கிறது. கூலி கொடுக்கவைக்கும் சட்டம் வேண்டும். கொளுத்தவைக்கும் சட்டத்தை நூறு தடவை யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கதைக்கு உரிமை கேட்கலாம், சரி. முகத்துக்குக் கேட்கலாமா? லுகோசி 1956-ல் இறந்தபோது டிராகுலா மேலங்கியோடுதான் புதைத்தார்கள். பின்னர் அவருடைய மனைவியும் மகனும் யூனிவர்சல்மேல் வழக்குப் போட்டார்கள்: பொம்மையிலும் முகமூடியிலும் நீங்கள் விற்பது எங்கள் வீட்டு மனிதரின் முகம், அதற்குப் பணம் எங்கே? 1979-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும், அதைத் தொடர்ந்து அந்த மாநிலம் இயற்றிய சட்டமும் அடுத்த வாரம்.

(தொடரும்)