கிரீன் டீ ஏன் கசக்குது?
சுகர் வந்தபிறகு திண்டிவனத்தில் அம்மா பால் டீயை விட்டுட்டாங்க. கிரீன் டீயையும் டஸ்ட் டீ மாதிரியே கொதிக்கவிட்டு, "கஷாயம்டா இது" என்று கொட்டிடுவாங்க.

தப்பு இலையில் இல்லை, சூட்டில். டஸ்ட் டீக்குக் கொதிநீர்தான் சரி. துவர்ப்பைப் பாலின் புரதம் பிடித்துக்கொள்ளும். கிரீன் டீயில் பால் கிடையாது. கொதிநீரில் கேட்டசின்கள் அதிகம் இறங்கிக் கசக்கும். அதற்கு 80 டிகிரி போதும்.

ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93-லேயே கொதிக்கும். நம்ம விழுப்புரம், திண்டிவனம் சமவெளி. 100 வரை ஏறும். எனவே ஆறவைக்கணும். தெர்மாமீட்டர் வேண்டாம்: 3 பங்கு கொதிநீரில் 1 பங்கு பானைத்தண்ணீர் கலந்தால் கிட்டத்தட்ட 80. இலை போட்டு 2 நிமிடத்தில் வடிகட்டணும்.

போன ஞாயிறு விழுப்புரத்திலிருந்து போய் அப்படிப் போட்டுக் கொடுத்தேன். டம்ளர் காலி. "பரவால்லடா" என்றார் அம்மா.