வேறு விசேஷம் ஒன்றுமில்லை

"இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் அனைவர் நலமறிய அவா."

டில்லிக்குப் பிழைக்க வந்த தமிழர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் முக்காலே மூணுவீசம் இப்படித்தான் தொடங்கின. முடிவும் ஏறக்குறைய ஒன்றுதான்: "வேறு விசேஷம் ஒன்றுமில்லை." நடுவில் மணியார்டர் அனுப்பிய விவரம், குழந்தைக்குப் பல் முளைத்த சேதி, குளிர் தாங்கவில்லை என்ற புகார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடான பிறகு, பழைய காலண்டர் அட்டையை மடியில் வைத்து, அதன் மேல் இன்லண்டு லெட்டரை விரித்துக்கொண்டு எழுதுவார்கள். சில நாட்கள் கழித்து அது தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கோ திருநெல்வேலிக்கோ போய்ச் சேரும். பெரியவர் படித்துவிட்டு, உத்தரத்தில் தொங்கும் கம்பியில் குத்தி வைப்பார்.

அந்தக் கடைசி வரியை எழுதியவரும் யோசித்து எழுதியதில்லை. படித்தவரும் நின்று படித்ததில்லை. ஆனால் ஒரு வாரக் குடித்தனம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள்தான் அடங்கியிருந்தது.

1970களின் நடுவில், ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கரோல்பாக்கில் மொட்டைமாடி அறை. டில்லி பாஷையில் 'பர்சாத்தி'. அல்லது சரோஜினி நகரிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ சர்க்கார் குவார்ட்டர்ஸ். விடிவதற்கு முன்பே குரங்குக் குல்லாயும் மப்ளருமாக குடும்பத் தலைவர் பாலுக்குப் புறப்பட்டுவிடுவார். டில்லி பால் திட்டம் 1959-ல் வந்தது. கையில் கார்டு, பையில் காலி பாட்டில்கள், மூடுபனியில் க்யூ. 1974-க்குப் பிறகு மதர் டெய்ரி பூத்துகள் வந்தன. டோக்கனைப் போட்டால் பாத்திரத்தில் பால் கொட்டும் இயந்திரத்தைப் பார்க்கக் குழந்தைகளும் போட்டி போட்டுக்கொண்டு கூட வந்தார்கள்.

வீட்டில் அந்த நேரத்துக்குப் பெரிய கேள்வி, இட்லி மாவு பொங்கியதா என்பது. டில்லிக் குளிரில் மாவு லேசில் புளிக்காது. பழைய கம்பளியைச் சுற்றி, அடுப்பின் சூடு படும் மூலையில் வைத்து, கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில சமயம் இரண்டாம் நாள்தான் பொங்கும். ஜூன் மாதத்திலோ அதே மாவு காலையில் அரைத்தால் மத்தியானத்துக்குள் புளித்து ஊரைக் கூட்டும். ஜனவரியில் ஒரு நாள் மூடியைத் திறக்கும்போது மாவு நுரைத்து மேலே வந்திருந்தால், அந்த அம்மாளின் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதை யார் கடிதத்தில் எழுதப் போகிறார்கள்?

பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்குக் கிளம்புவார்கள். தலைநகருக்கு வந்த தென்னிந்தியக் குடும்பங்களுக்காக 1923-ல் தொடங்கிய முயற்சி அது. இன்று டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. பத்து மணிக்குக் காரியாலயம். மத்தியானம் டிபன் டப்பா காலியானதும், செக்ரடேரியட் பக்கத்துப் புல்வெளிகளில் வெயில் காயக் கூட்டம் கூடும். வேர்க்கடலை, ஆரஞ்சுச் சுளை, நாலு பேர் சீட்டாட்டம், ஸ்வெட்டர் பின்னும் பெண்கள். டில்லியின் குளிர்கால வெயிலுக்கு ஈடு கிடையாது என்பதைச் சென்னைக்காரர்கள் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள், அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இருட்டும் நேரத்தில் வீடு. ஒரு டம்ளர் காப்பி, பையனுக்குக் கணக்கு, ரசம் சாதம், ரஜாய்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. கடிதத்திலும் அப்படித்தான் எழுதினார்கள்.

ஊரில் இருந்த பெற்றோருக்கு டில்லியைப் பற்றி இரண்டு வழிகளில் தெரிந்தது. ஒன்று கடிதம், மற்றொன்று ரேடியோ. காலை 7.15 மணிக்கு டில்லியிலிருந்து வந்த ஆகாஷ்வாணி தமிழ்ச் செய்திகளை அறியாத தமிழ் வீடு அன்று இல்லை. சுமார் 35 ஆண்டுகள் அந்தச் செய்திகளை வாசித்த சரோஜ் நாராயண்ஸ்வாமி 2022-ல் காலமானபோது, அவர் முகத்தையே பார்த்திராதவர்கள்கூட வருந்தினார்கள். ரேடியோ டில்லியில் நடந்ததையெல்லாம் சொன்னது. மகன் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்பதை மட்டும் கடிதம்தான் சொல்ல வேண்டும். அதுவோ பின்தங்கித்தான் வரும். இடையில் தந்தி வந்தால், பிரிப்பதற்கு முன்பே வீட்டில் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். தேர்வில் தேறியதற்கு வந்த வாழ்த்துத் தந்திக்கும் அதே அழுகைதான். தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. அந்தப் பயம் இப்போது நள்ளிரவில் அடிக்கும் டெலிபோனுக்கு மாறியிருக்கிறது.

1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்கள் தலைநகரில் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டார்கள். டில்லியில் மட்டும் இறந்தவர்கள் 2,733 பேர் என்று பிற்பாடு சர்க்கார் அமைத்த அஹுஜா கமிட்டி கணக்குச் சொன்னது. தமிழர் வீடுகளைத் தேடி யாரும் வரவில்லை. ஆனால் புகை எல்லா மாடியிலிருந்தும் தெரிந்தது. நேற்று வரை மாடிப்படியில் வணக்கம் சொன்ன சர்தார்ஜி குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. அந்த வாரம் டில்லியிலிருந்து போன கடிதங்களிலும் 'இவ்விடம் யாவரும் நலம்' என்ற அதே வாசகம்தான் இருந்தது. வார்த்தை மாறவில்லை, ஆனால் பெரியவர்கள் அதை ஒரு தடவை படித்துவிட்டுக் கம்பியில் குத்தியிருக்க மாட்டார்கள்.

லீவுக்கு லீவு

டில்லித் தமிழர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஊருக்குப் போகும் லீவிலிருந்து அடுத்த லீவு வரை நாளை எண்ணுவது. 1976-ல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வருவதற்கு முன் பெரும்பாலோருக்கு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ்தான் கதி. சுமார் 2,180 கிலோமீட்டர் தூரம். கூஜா, புளியோதரை, ஹோல்டால் சகிதம் பயணம். அந்த ஒரு மாதம்தான் வாழ்க்கை, மீதிப் பதினோரு மாதமும் ரயில்வே வெயிட்டிங் ரூம் என்கிற மாதிரி ஒரு நினைப்பு. இப்படி முப்பது வருஷம் காத்திருந்து பென்ஷன் வாங்கியவர்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் அவர்கள் 'வாழ்ந்தது' இரண்டரை வருஷம். கணக்கில் எங்கேயோ தப்பு இருக்கிறது!

வீட்டு ஆல்பத்தைப் புரட்டினாலும் அதே கதைதான். கல்யாணம் இருக்கும், தாஜ்மகாலுக்கு முன் வரிசையாக நின்றது இருக்கும், 1973-ல் மலை மந்திர் கும்பாபிஷேகத்துக்குப் போனதுகூட இருக்கும். இருபது வருஷம் சமைத்த அந்தச் சமையலறை ஒரு படத்திலும் இருக்காது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகு, அந்த ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று கணவனும் மனைவியும் வாதாடுவார்கள்.

1985 ஜூனில் மத்திய சர்க்கார் அலுவலகங்களுக்கு வாரம் ஐந்து நாள் வேலை என்று ஆனது. சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்தபோதுதான், பகல் பதினொரு மணிக்குத் தன் வீடு எப்படி இருக்கும் என்று பல குமாஸ்தாக்கள் முதல் தடவையாகப் பார்த்தார்கள். தயிர்க்காரன் குரல், எதிர்வீட்டு மாடியில் வடாம், தூளியில் குழந்தை. ஆனால் அதுவும் அதிக நாள் நிலைக்கவில்லை. ரேஷன், காஸ், கரோல்பாக்கில் நல்லெண்ணெயும் காப்பிப் பொடியும் என்று சனிக்கிழமைக்கு வேலைகள் முளைத்துவிட்டன.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தபோது எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். எல்லாரும் வீட்டில் இருந்ததால் மட்டும் அது சாதாரண நாளாகிவிடவில்லை. பால்காரர் வந்து, பையன் பள்ளிக்குப் போய், பக்கத்து வீட்டம்மாள் கறிவேப்பிலை கேட்டு வந்தால்தான் அது சாதாரண நாள். அது தனியாக ஒரு வீட்டுக்குள் விளைகிற சரக்கல்ல.

ஜங்புராவில்

இது குமாஸ்தா வீடுகளுக்கு மட்டும் உரிய சமாசாரம் என்று எண்ண வேண்டாம். ஜங்புரா பக்கம், பாராபுல்லா நாலாவின் கரையில், 'மதராஸி கேம்ப்' என்ற குடிசைப் பகுதி இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழர்கள் அங்கே குடியிருந்தார்கள். பெண்களில் பலர் ஜங்புரா, நிஜாமுதீன் வீடுகளில் வேலை செய்தவர்கள். நடந்தே போய்விடலாம். காலையில் இரண்டு வீட்டு வேலையை முடித்துத் திரும்பி, உலை வைத்து, மறுபடி ஒரு வீடு. பிள்ளைகளுக்கு லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளி எட்டும் தூரத்தில் இருந்தது. நாலாவின் நாற்றமும் மழைக்காலத்துக் கஷ்டமும் இல்லாமல் இல்லை. ஆனால் கூலி குறையாமல், தண்ணீர் வந்து, பிள்ளை சீருடையோடு திரும்பி வந்த நாள் அங்கே நல்ல நாள். அப்படிப்பட்ட நாட்கள் நிறையவே இருந்தன.

நாலாவின் அடைப்பை நீக்குவதற்காக, உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில், 2025 ஜூன் 1 அன்று கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 குடியிருப்புகளில் 189 குடும்பங்களுக்கு மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்று தீர்மானமாயிற்று. வீடு கிடைத்த இடம் நரேலா. நகரத்தின் வட கோடியில், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி. சுவர் உண்டு, கூரை உண்டு. காலையில் நடந்து போன வேலை வீடு அங்கே இல்லை. தமிழ்ப் பள்ளியும் இல்லை. மற்றவர்களில் ஊருக்குத் திரும்ப விரும்பியவர்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மூன்று தலைமுறையாக டில்லியில் இருந்தவர்களுக்கு 'ஊர்' எது என்பதே கேள்வி.

இப்போது கடிதம் இல்லை, கைபேசிதான். விழுப்புரத்திலிருந்தோ சேலத்திலிருந்தோ அத்தையோ சித்தியோ கூப்பிட்டால், முதலில் கேட்பது இன்றும் அதுதான்: "அப்புறம், என்ன விசேஷம்?"

நரேலாவுக்குப் போனவர்கள் அதற்கு "ஒன்றுமில்லை" என்று பதில் சொல்ல, இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.