குழாயும் தோட்டமும்

கோவைக்குக் கிழக்கேயுள்ள இருகூரின் எண்ணெய்க் கிடங்குகள் நம்மவர் அறிந்தவையே. கொச்சி ஆலையிற் சுத்திகரிக்கப்பெறும் பெட்ரோலும் டீசலும் நிலத்தடிக் குழாயில் மலையைக் கடந்து இவ்வூரை அடைந்து, அப்பாற் கரூருக்கும் செல்கின்றன. நாம் ஏறிச்செல்லும் வண்டியின் எண்ணெய் எவர் நிலத்தின் கீழ் ஓடி வந்ததென வினவுவோர் நம்முள் மிகச் சிலர். அவ்வினாவைக் கொங்கு நாட்டுக் குடியானவர்கள் எழுப்பினர்.

குழாய் பதித்தற்கென்றே 1962-ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. அதன் நுட்பம் யாதெனின், நிலத்தை அது கொள்வதில்லை. நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே கொள்ளும். பட்டா உடையவன் பெயரிலேயே நிற்கும். உழுது பயிரிடவும் தடையில்லை. ஆனால் அப்பட்டையில் வீடு கட்டலாகாது, கிணறு வெட்டலாகாது, மரம் வைக்கலாகாது. பயிர்ச்சேதத்திற்குரிய ஈடு நீங்கலாக, இவ்வுரிமைக்கெனக் கொடுப்பது அந்நிலத்தின் சந்தை விலையில் நூற்றுக்குப் பத்து வீதமே.

வேறு சீமையில் இது பெருந்துன்பமாகத் தோன்றாதிருக்கலாம். கொங்கு நாட்டிலோ தோட்டம் என்பதே கிணற்றால் ஆயது. பாறையைப் பிளந்து இறக்கிய கிணறு வற்றினால், மற்றோரிடத்தில் ஊற்றுத் தேடவேண்டும். குடும்பம் வாழ்வதும் ஊருக்குள் அன்று, தோட்டத்துச் சாளையிலேதான். தென்னையோ இரு தலைமுறைக்குச் சோறிடுவது. ஆகவே சட்டம் விலக்கிய மூன்றும் இவனுடைய வாழ்வின் மூன்று தூண்களாயின. கணக்கிட்டுப் பாருங்கள்: சதுரமான இரண்டு ஏக்கர்த் தோட்டத்தின் குறுக்கே 20 மீட்டர் அகலத்தில் ஒரு பட்டை சென்றால், ஏறக்குறைய 45 செண்டு இவ்வாறு முடங்கும், எஞ்சியதும் இரு துண்டாகும். அத்தகைய நிலத்தை முழு விலைக்கு வாங்க வருபவர் யாவர்?

எண்ணெய்க்குரிய அச்சட்டமே இயற்கை வாயுவிற்கும் உரியது. கெயில் நிறுவனம் கொச்சியினின்றும் பெங்களூருக்கு வாயு கொண்டுசெல்லக் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில், ஏறக்குறைய 310 கிலோமீட்டர் தொலைவிற்கு வழி வகுத்தது. குடியானவர்கள் மறித்தனர். மின்கட்டணத்தின் பொருட்டு 1972-இல் மாட்டுவண்டிகளால் கோவைத் தெருக்களை அடைத்தவர்களின் வழிவந்தோர்க்கு மறியல் புதிதன்று. குழாயே வேண்டாவென அவர்கள் கூறினாரல்லர். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுசெல்க என்றனர். சாலைக்கென நிலம் முன்னரே பொதுவாகிவிட்டதன்றோ? மாகாண அரசும் குறைகேட்டு, 2013-இல் அவ்வாறே ஆணையிட்டது. அதே ஆண்டில் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கிற்று. 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் மாகாணத்தின் முறையீட்டைத் தள்ளிற்று. பெட்ரோலியம் மத்திய அரசின் அதிகாரத்திற்குட்பட்ட பொருளாகலின், வழியை மாற்றும் ஆற்றல் மாகாணத்திற்கில்லை என்பதே அதன் கருத்து.

சட்டநெறியில் அத்தீர்ப்பிற் பிழை காண்பது எளிதன்று. எனினும் வழக்கின் உயிர்நிலை அதிகாரம் எவருடையது என்பதில் இல்லை. செலவு எவர் தலையில் விழுகின்றது என்பதிலேயே உளது என்பது எமது துணிபு. சாலையோரத்தில் நெரிசலும் இடையூறும் மிகுதி. ஆதலால் ஆங்குக் குழாய் பதித்தற்கு நிறுவனம் கூடுதலாகச் செலவிட நேரும். தோட்டத்தின் வழியே செல்லின் அச்செலவு மறைந்துபோவதில்லை. வெட்டப்படாத கிணறாகவும் நடப்படாத தென்னையாகவும் குடியானவனிடம் தங்குகின்றது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அஃது ஏறுவதில்லை.

இருகூரினின்றும் பெங்களூரை அடுத்த தேவனகொந்திக்கு எண்ணெய்க் குழாய் அமைக்கும் பாரத் பெட்ரோலியத் திட்டம் எழுந்தபோதும், குடியானவர்கள் கேட்டது அதே சாலையோரத்தைத்தான்.