ஆதாரை அப்லோட் செய்யும் முன்

கல்லூரிச் சேர்க்கையோ வேலை விண்ணப்பமோ, எல்லாம் இன்று 'கோப்பை இணைக்கவும்' என்ற பொத்தானில் வந்து நிற்கின்றன. அதை அழுத்துவதற்கு முன்பே உங்கள் ஆதாருக்கு எத்தனை நகல்கள் உருவாகின்றன என்று பிரவுசிங் சென்டரில் நின்று கவனியுங்கள். கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஒன்று. அவர் கணினியின் டவுன்லோட்ஸில் இறங்கியது இன்னொன்று. படிவம் 200 கேபிக்கு மேல் ஏற்காது என்றதும், அளவைக் குறைத்துத் தரும் ஏதோ இலவசத் தளத்தில் ஏற்றுவார். அதை நடத்துவது யாரென்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், ஆவணம் உங்களுடையது.

தவறான கோப்பை இணைத்துவிட்டுப் பெருக்கல் குறியைத் தட்டினால் திரையிலிருந்து மறையும். சர்வரிலிருந்தும் அழிந்தது என்று அர்த்தமில்லை. கோப்பைத் தேர்ந்தெடுத்த நொடியிலேயே ஏற்றிக்கொள்ளும் தளங்கள் உண்டு. சமர்ப்பித்த பிறகு, நீங்கள் ஏற்றிய கோப்பின் முகவரியை நகலெடுத்து, மறுநாள் லாகின் செய்யாத வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள். திறந்தால், அந்த முகவரி கிடைக்கும் எவருக்கும் திறக்கும். தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு உடனே எழுதுங்கள்.

முழு எண் கட்டாயமில்லாத இடத்தில், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இ-ஆதார் பிடிஎஃபுக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது. இரண்டையும் அதே விண்ணப்பத்தில் நீங்களே நிரப்பியிருப்பீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2023 ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த தரவை அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாதங்கள். அபராதத் தொகையும் அரசுக்குத்தான் போகும், பாதிக்கப்பட்டவருக்கு அல்ல. இது பெரிய ஓட்டை.

ஆதாரைத் தவறாகப் பயன்படுத்திய சந்தேகம் இருந்தால் ஆதார் ஆணையத்தின் 1947 எண்ணில் கேளுங்கள். ஆதாரில் பதிந்துள்ள கைரேகையை ஆணையத்தின் தளத்தில் பூட்டி வையுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் முடக்கினால்தான் பணம் திரும்பக் கிடைக்க வழியுண்டு.